கூரைப் புல்லுக்கு ஒரு சதுப்பு: நீலகிரி நாட்குறிப்பு

2023 ஜனவரி 18

இரவு விழுந்த உறைபனி உருகிப் புல் உலரும்வரை விதை சேகரிக்க முடியாது என்பதால் ஒன்பது மணிக்குமேல்தான் கிளம்பினோம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தின் பெரியவர் முன்னே நடக்க, நாற்றங்காலில் வேலை செய்யும் தோடப் பெண்கள் இருவருடன் நான் பின்னே சென்றேன். கோயிலருகே பெண்கள் செல்வதில்லை. ஆகவே எங்களுக்குரிய மேட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு சதுப்புக்கு இறங்கினோம்.

சதுப்பு என்பது இப்போது பெயரளவில்தான். பெரியவர் சிறுவனாக இருந்த காலத்தில் எருமைகள் வயிறு நனைய நின்ற இடத்தில், இன்று என் செருப்பில் ஈரம்கூட ஒட்டவில்லை. மூன்று பக்கமும் ‘வாட்டில்’ எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரங்கள் நெருங்கி நிற்கின்றன. நான்காவது பக்கத்தில், என்றோ காய்கறி பயிரிடுவதற்காக நீரை வடித்துவிட வெட்டிய வாய்க்கால் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் அவ்ஃபுல் சில தூர்கள் எஞ்சியிருந்தன. நீலகிரிக்கே உரிய இந்தச் சதுப்புப் புல்லுக்குத் தாவரவியலாளர் ரங்காச்சாரியின் பெயரைச் சேர்த்து எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயரிட்டிருக்கிறார்கள். தோடர் கோயிலின் வளைந்த கூரையை வேய இந்தப் புல்தான் வேண்டும்.

“மூங்கில் கிடைக்குது, பிரம்பு கிடைக்குது. புல்லுக்குத்தான் அம்மா, மலை மலையா அலையுறோம்” என்றார் பெரியவர்.

2023 பிப்ரவரி 6

அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை. தோடர்களின் கோயில் பால்மனையும் ஆகும். கோயில் எருமைகளின் பாலைக் கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுக்கும் பூசாரியின் அன்றாடப் பணியே அங்கு வழிபாடு. எருமைக்கு மேட்டுப் புல்வெளி வேண்டும், கூரைக்குச் சதுப்பு வேண்டும், சதுப்புக்கு மேலேயுள்ள புல்வெளி மழையை மெல்லக் கசியவிட வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும், 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,000 பேராக இருந்த ஒரு சமூகத்தின் வழிபாடும் வாழ்வும் சேர்ந்தே தளர்கின்றன.

வெள்ளையர் ஆட்சி இந்தப் புல்வெளியைத் தரிசு என்று கருதியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் முதலில் விறகுக்காக நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழைக்கான கூழுக்காகவும் மலை மலையாக நடப்பட்டன. அந்தத் தரிசு என்னும் சொல் இன்னும் ஒழியவில்லை. நல்லெண்ணத்தோடு மரக்கன்றுகளை ஏற்றிவரும் நண்பர்களிடம், இங்கே மரம் நடுவதும் அழிவுதான் என்று விளக்க ஒவ்வொரு முறையும் அரை நாள் ஆகிறது.

2023 ஜூன் 21

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. இன்று நடவு.

சென்ற ஆண்டு செய்த தவற்றை இங்கே எழுதியாக வேண்டும். பக்கத்துச் சரிவில் இருந்த சீகை முழுவதையும், அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில், ஒரே மூச்சில் வெட்டச் செய்தோம். வெயில் பட்டதும், மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த சீகை விதைகள் கம்பளம் விரித்தாற்போல் முளைத்தன. அவற்றின் வேர் பிடிக்குமுன் வந்த மழை மேல்மண்ணை ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எருமைகள் குடிக்கும் ஓடை மூன்று மாதம் கலங்கி ஓடியது. பெரியவர் எங்களை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை என்பதே எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

இம்முறை சதுப்பின் விளிம்பில் மட்டும் சிறு பட்டை பட்டையாக வெட்டி, கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி, வாய்க்காலை மர முளைகளாலும் புல்கரணைகளாலும் அடைத்திருக்கிறோம். நீர் தேங்கத் தொடங்கிய இடத்தில், பிரித்து வளர்த்த அவ்ஃபுல் தூர்களை ஒரு முழ இடைவெளியில் பெண்கள் நட்டார்கள். மேட்டில் விதையிலிருந்து வளர்ந்த வேறு புற்கள்.

2023 செப்டம்பர் 9

சீகை நாற்றுகளைக் கையால் பிடுங்கினோம். அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் இதே வேலை இருக்கும்.

2024 பிப்ரவரி 15

பெரியவர் தீயைப் பற்றிப் பேசினார். முன்னோர்கள் வறண்ட மாதங்களில் காய்ந்த புல்லைச் சிறு சிறு திட்டுகளாக எரித்து, புதுத் தளிரில் எருமைகளை மேயவிட்டார்கள். வனச் சட்டங்கள் வந்தபின் அது குற்றமாயிற்று. சீகை சூழ்ந்த இடத்தில் இன்று தீ வைப்பது பேராபத்து, அதன் விதைகளைத் தீயே முளைக்கத் தூண்டிவிடும் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த அறிவைக் குற்றமாகவே வைத்திருப்பது முறையன்று. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வகுத்தது. அதைச் செயல்படுத்துவோர் புல்லை எங்கே, எப்போது எரிக்கலாம் என்று முதலில் கேட்க வேண்டியது இப்படிப்பட்ட பெரியவர்களிடம்தான்.

2024 டிசம்பர் 28

சதுப்பின் நடுவில் கால் வைத்தேன்; கணுக்கால்வரை இறங்கியது. அவ்ஃபுல் என் இடுப்பளவு நிற்கிறது, கதிர் பழுத்திருக்கிறது. ஒரு கோயிலின் கூரைக்குப் போதாது. கிழிந்த பகுதியை ஒட்டுவதற்கு வேண்டுமானால் ஆகும்.

அறுக்கலாமா என்று மந்தின் இளைஞர்கள் அரிவாளோடு வந்து நின்றார்கள். பெரியவர் வலத்தோளைத் தோடர் போர்வையான புட்குளிக்கு வெளியே எடுத்து நீர்ப்பரப்பை நோக்கி நின்றார். சற்று நேரம் கழித்து, “இந்த வருசம் விதை விழட்டும்” என்றார். இளைஞர்கள் அரிவாள்களை அங்கேயே மரத்தடியில் வைத்துவிட்டு, எங்களோடு சேர்ந்து சீகை நாற்றுகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.