ரங்கூன் பிள்ளைகளுக்குக் கிளிக்கோ ரேட்டிங்: தாள் ஒருவழியாக ஓடுகிறது

செஸ் ஆடுபவரின் பலத்தை எண்ணாக்கும் பழைய முறையான எலோ கணக்கை ஓரங்கட்டியாயிற்று. ரங்கூனில் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஆடும் செஸ் குழுவின் ரேட்டிங் தாள் இப்போது கிளிக்கோவில் ஓடுகிறது. பட்டியலில் மேலே இருப்பவர் பலகையிலும் மேலேதான் இருக்கிறார். எலோவில் இது நடக்கவே இல்லை.

காரணம் தெரிந்ததுதான். ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கலாம் என்பதன் அளவே எலோவில் கே. கே 20 என்றால், சம ரேட்டிங்காரரை வென்றால் 10 புள்ளி. கே 40 என்றால் 20. வளரும் பிள்ளைக்கு இந்த வேகம் போதாது. அதோடு, இருவருக்கும் ஒரே கே இருந்தால் ஒருவர் ஏறுவது அப்படியே மற்றவர் இழப்பது. எல்லாரும் நன்றாக ஆடக் கற்றபின்னும் குழுவின் சராசரி இருந்த இடத்திலேயே நிற்கும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலும் இங்கே உதவாது. 2024 மார்ச் முதல் அதன் அடிவரம்பு 1400, அதற்குக் கீழே உள்ளவருக்கு எண்ணே கிடையாது.

1995-இல் மார்க் கிளிக்மேன் வகுத்த கிளிக்கோ முறையில் ரேட்டிங்கோடு ஆர்டி என்று இன்னோர் எண் உண்டு. அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுவே அளவு. புதியவருக்கு 1500, ஆர்டி 350. அதாவது ஏறத்தாழ 800-க்கும் 2200-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறார் என்றுதான் பொருள். அவர் ஆர்டி 50 உள்ள ஒரு 1500-காரரை வென்றால் 175 ஏறும், ஆர்டி 248-க்கு இறங்கும். தோற்றவருக்குப் போவது 5 புள்ளிதான். அடுத்து அதே ஆர்டி உள்ள சமமானவரை வென்றால் 117, அதற்கடுத்து 88. இப்படிப் பத்து ஆட்டத்தில் ஆர்டி 110-க்குக் கீழே வந்துவிடும். லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில், ரேட்டிங் இன்னும் உறுதியாகவில்லை என்று காட்டும் கேள்விக்குறி மறையும் எல்லையும் 110தான்.

எக்ஸெலில் உயிரை வாங்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாத ஆட்டங்கள் அத்தனைக்கும் மாதத் தொடக்க ரேட்டிங்கையே எடுக்க வேண்டும். வரிசையாக ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டே போனால், மூன்றாமவர் கணக்கில் முதலாமவரின் புது எண் நுழைந்துவிடும். பெயர் வரிசையை மாற்றினால் விடையும் மாறும். "பழையது", "புதியது" என்று இரண்டு நெடுவரிசை வையுங்கள். மாதம் முடிந்ததும் புதியதை மதிப்பாக மட்டும் பழையதில் ஒட்டுங்கள், சூத்திரத்தோடு ஒட்டினால் தாள் சுழலில் மாட்டிக்கொள்ளும். கிளிக்கோ சூத்திரத்தில் மாறாத எண்ணான க்யூவின் மதிப்பு 0.0057565. இதை 0.0058 என்று சுருக்காதீர்கள். மின்வெட்டை நம்ப முடியாது, முடிவுகளை முதலில் நோட்டில் எழுதுவதே நல்லது.

ஆடாத மாதங்களுக்கு ஆர்டி ஏற வேண்டும். ஆர்டி 100 இருப்பவர் 24 மாதம் ஆடாவிட்டால் 350-க்குத் திரும்பட்டும் என்று வைத்தால், ஆர்டி ஏறும் வேகத்தைக் குறிக்கும் சி மதிப்பு 68.5 வரும். மூன்று மாதப் பரீட்சை விடுப்புக்குப் பிறகு ஆர்டி 155. பிள்ளைகளுக்கு இது சரியாகவே படுகிறது. பெரியவர்களுக்கு அதிகம், அவர்களுக்கு 35 போதும்.

தனக்குள்ளேயே ஆடும் மூடிய குழுவின் எண்ணை வெளியே கொண்டுபோய்ப் பெருமை பேசக் கூடாது. அமெரிக்கச் சிறைக்குள்ளேயே ஆடி 1996-இல் கைதி கிளாட் பிளட்குட் தலைசிறந்த கிராண்ட்மாஸ்டர் அளவான 2702 எட்டிய கதை உண்டு. அதனால், இணையத்தில் ரேட்டிங் நிலையாக உள்ள பெரியவர்கள் இருவரை அளவுகோலாக உள்ளே ஆடவைக்கப் போகிறேன். அவர்கள் ரேட்டிங்கைத் தாள் தொடாது.

பர்மியச் செஸ்ஸான சிட்டுயின் தெரிந்த பிள்ளைகள் வந்தால்தான் சிக்கல். அதில் ராணி இடத்துக் காய் குறுக்காக ஒரு கட்டம்தான் நகரும், அந்தப் பழக்கத்தில் செஸ் ராணியை அடக்கியே வைத்திருப்பார்கள். சிட்டுயினுக்குத் தனித் தாள். செஸ்ஸில் அவர்களுக்கும் அதே 1500, அதே 350.