ஒற்றைக்கொம்பு சரியான இடத்தில் நிற்க

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினி போர்டுகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்று மோட்டார் ரூமில், இன்னொன்று தெற்குத் தொட்டிக்கு மேலே. ஒவ்வொன்றிலும் ஒரு யூஎஸ்பி கேமரா. தொட்டிச் சுவரில் அடிக்கணக்கைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீர் எது வரைக்கும் நிற்கிறது என்று அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி போனில் பார்த்துக்கொள்வார். படத்தின் மேல் மூலையில் நேரமும் இடத்தின் பெயரும் வரும். சில கிளிப்புகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அனுப்புவார் என்பதால், பெயர் படத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

பிரச்சினை அந்தப் பெயரில்தான் தொடங்கியது. "ஏன் கண்ணு, இதென்ன எழுத்து இப்படி வருது?" என்று அப்பா போன் செய்தார். திறந்து பார்த்தேன். "தெற்கு" என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு "த"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நின்றது. படிக்கிறவர் கண்ணுக்கு அது "றெ"வின் கொம்பாகத் தெரிகிறது. "தொட்டி"யும் அதே கதிதான்.

படத்தின் மேல் எழுதுவது எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் ட்ராடெக்ஸ்ட் ஃபில்டர். யூனிகோடில் "தெ" என்பது முதலில் "த", அதன் பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஹார்ஃப்பஸ் மாதிரியான, எழுத்தை வடிவமைக்கும் லைப்ரரியின் (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பு) வேலை. ட்ராடெக்ஸ்ட் 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்துதான் ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகிறது. என் போர்டில் இருந்ததோ டெபியன் 12 என்ற லினக்ஸ் வழி வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ். அதில் எஃப்எஃப்எம்பெக் 5.1. அப்பா படிக்கிற எழுத்து சரியாக வர வேண்டும் என்றால் 6.1-ஐ மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்தாக வேண்டும்.

போர்டிலேயே கம்பைல் செய்து பார்த்தேன். ஒரே கோர், 512 எம்பி ராம். ராத்திரி ஆரம்பித்தது, காலையில் எழுந்து பார்த்தபோது எஃப்எஃப்எம்பெக்கின் ஒரு பகுதியான லிப்ஏவிகோடெக்கிலேயே நின்றுகொண்டிருந்தது. விட்டுவிட்டு லேப்டாப்புக்கு வந்தேன்.

லேப்டாப்பில் உபுண்டு 22.04. அதன் களஞ்சியத்தில் ஆர்ம் ஹார்ட் ஃப்ளோட்டுக்கான ஜிசிசி க்ராஸ் கம்பைலர் தயாராக இருக்கிறது. க்ராஸ் கம்பைலர் என்றால் வேறு வகைச் சிப்புக்கான நிரலை இங்கேயே உருவாக்குவது. ஹார்ட் ஃப்ளோட் என்றால் தசமக் கணக்கை ஆர்ம் சிப்பின் விஎஃப்பி என்ற தனிப் பகுதியில் செய்யும் முறை. நிறுவி, கம்பைலுக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் எஃப்எஃப்எம்பெக்கின் கான்ஃபிகருக்கு க்ராஸ்-ப்ரிஃபிக்ஸ், ஆர்ச், டார்கெட் எல்லாம் கொடுத்தேன். போர்டின் எஸ்டி கார்டிலிருந்து லைப்ரரிகளையும் ஹெடர்களையும் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து அதைச் சிஸ்ரூட்டாக, அதாவது போர்டின் ரூட் ஃபோல்டர் மாதிரி, காட்டினேன். முதல் அடி: எழுத்துருவைப் படிக்கும் ஃப்ரீடைப் லைப்ரரி கிடைக்கவில்லை என்று நின்றது. சிஸ்ரூட்டில் ஃப்ரீடைப் இருக்கிறது, என் கண்ணால் பார்க்கிறேன்.

இந்த மாதிரி நேரத்தில் திரையில் வருகிற கடைசி வரியை மட்டும் நம்பக் கூடாது. காரணம் நூறு வரிக்கு மேலே எங்கேயோ ஒரு எச்சரிக்கையாக ஓடிப்போயிருக்கும். எஃப்எஃப்பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் லாகைத் திறந்து கீழிருந்து மேலே படித்தேன். க்ராஸ்-ப்ரிஃபிக்ஸ் கொடுத்தால் கான்ஃபிகர் அதே முன்னொட்டோடு, லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி ஒன்றையும் தேடுகிறது. என் மெஷினில் அப்படி ஒன்று இல்லை. அது கிடைக்காததால் லைப்ரரிகளைத் தேடுவதே பயனில்லாமல் போயிருக்கிறது. சாதாரண பிகேஜி-கான்ஃபிக்கையே பயன்படுத்து என்று ஒரு ஆப்ஷனில் சொன்னதும் அந்த இடம் தாண்டியது.

அப்புறம் நானே ஒரு தப்பு செய்தேன். சிஸ்ரூட்டில் லைப்ரரிகளின் விவரம் சொல்லும் பிசி கோப்புகள் இருக்கும் இடத்தைப் பிகேஜி-கான்ஃபிக் பாத் என்ற மாறியில் வைத்தேன். பாத் என்பது ஏற்கெனவே தேடுகிற இடங்களோடு இன்னொன்றைச் சேர்க்கும், அவ்வளவுதான். அதனால் லேப்டாப்பின் இன்டெல் லைப்ரரிகளும் பட்டியலில் நுழைந்துவிட்டன. கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் "பொருந்தாதது, தாண்டுகிறேன்" என்று வரிவரியாகச் சொல்ல ஆரம்பித்தது. பழைய இடங்களைத் தூக்கிவிட்டுச் சிஸ்ரூட்டை மட்டும் பார்க்கச் சொல்வது லிப்டிர் என்ற மாறி. அதோடு சிஸ்ரூட் டிர் என்ற மாறியையும் வைத்தால்தான் கிடைக்கிற பாதைகளுக்கு முன்னால் சிஸ்ரூட்டின் பெயர் ஒட்டும். க்ராஸ் கம்பைல் செய்கிறவர்கள் பாத் மாறியைத் தொடாமல் இருப்பது நல்லது.

சிஸ்ரூட்டில் இன்னொன்று. போர்டில் லிப்எம் மாதிரிச் சில லைப்ரரிகள் சிம்லிங்க்குகள், அதாவது வேறு கோப்பைச் சுட்டும் குறிகள். அவை ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் காட்டும். லேப்டாப்புக்கு நகலெடுத்த பிறகு அந்த லிங்க், சிஸ்ரூட்டுக்குள் பார்க்காமல் லேப்டாப்பின் சொந்த ரூட்டைப் பார்க்கிறது. அங்கே அந்தக் கோப்பு இல்லை. பட்டியலிட்டால் சிவப்பாகத் தெரியும். எல்லாவற்றையும் சார்புப் பாதைகளாக மாற்றிய பிறகு லிங்க் ஆனது.

இவ்வளவும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் எஃப்எஃப்எம்பெக் பைனரி கையில். ஃபைல் கட்டளையில் போட்டுப் பார்த்தேன்: 32 பிட், ஆர்ம், இஏபிஐ5, போர்டில் இருக்கிற அதே டைனமிக் லோடர். எல்லாம் சரி. போர்டுக்கு அனுப்பி ஓட்டினேன்.

"இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்."

சிப்புக்குத் தெரியாத கட்டளை என்று பொருள். வேறு ஒரு சொல் இல்லை, பதிப்பு எண்கூட அச்சாகவில்லை. என்னிடம் ஒரு ஸீரோ 2 டபிள்யூவும் இருந்தது. எஸ்டி கார்டை எடுத்து அதில் போட்டேன். அதே கார்டு, அதே பைனரி. ஓடியது! தமிழ் எழுத்தும் சரியாக வந்தது. மறுபடி பழைய ஸீரோவில் போட்டால் செத்துவிடுகிறது. ஸீரோ 2-வையே தோப்பில் மாட்டிவிடலாம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு நல்ல போர்டுகளைக் காரணம் தெரியாமல் கழற்றிப்போட மனம் வரவில்லை.

ஸீரோ டபிள்யூவில் இருப்பது ஏஆர்எம்1176. 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் இருந்த அதே கோர், ஆர்ம்வி6 தலைமுறை. டெபியன் "ஆர்ம்ஹெச்எஃப்" (ஆர்ம் ஹார்ட் ஃப்ளோட்) என்று சொல்வது ஆர்ம்வி7-இல் தொடங்குகிறது, உபுண்டுவும் அப்படியே. பை வந்த வருடமே மைக் தாம்ப்சனும் பீட்டர் கிரீனும் டெபியன் தொகுப்புகளை ஆர்ம்வி6-க்காக மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியனை உருவாக்கினார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இந்தச் சின்ன போர்டுகளில் ஹார்ட் ஃப்ளோட் டெபியனே கிடைத்திருக்காது. அவர்களும் அதை "ஆர்ம்ஹெச்எஃப்" என்றே அழைத்தார்கள். ஆக ஒரே பெயர், இரண்டு பொருள். ஃபைல் கட்டளைக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. ஸீரோ 2-வில் இருப்பது கார்டெக்ஸ் ஏ53, வி7 கட்டளைகள் அதற்குப் புரியும். அதனால்தான் அங்கே ஓடியது.

சரி, கம்பைலருக்கு ஆர்ம்வி6 என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். சொன்னதும், ஒரு எக்ஸிக்யூட்டபிளைக்கூட உருவாக்க முடியவில்லை என்று கான்ஃபிகர் நின்றது. லாகில் பார்த்தால் "தம்ப்-1 ஹார்ட் ஃப்ளோட் விஎஃப்பி ஏபிஐ இன்னும் எழுதப்படவில்லை, மன்னிக்கவும்" என்கிற பொருளில் ஜிசிசியின் பதில். உபுண்டுவின் ஆர்ம் ஜிசிசி இயல்பாகவே தம்ப் என்ற சுருக்கக் கட்டளை முறையில் கோட் எழுதும். வி7-இல் அது தம்ப்-2. வி6-க்கு இறக்கினால் தம்ப்-1 ஆகிவிடுகிறது, அதற்கு ஹார்ட் ஃப்ளோட் கிடையாது. தம்ப் வேண்டாம், முழு ஆர்ம் முறையில் எழுது என்று இன்னொரு ஆப்ஷன் சேர்த்ததும் கம்பைல் ஆனது. போர்டில் ஓட்டினேன். மறுபடியும் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்.

இங்கேதான் இரண்டு நாள் போனது. பிழை தேடும் கருவியான ஜிடிபியில் ஏற்றி, நிரலின் சொந்தக் கோட் தொடங்கும் மெயினில் நிறுத்து என்றேன். அது மெயின் வரைக்கும் போகவே இல்லை. அப்படியென்றால் தப்பு எஃப்எஃப்எம்பெக்கின் கோடில் இல்லை, அதற்கும் முன்னால். ரீட்எல்ஃப்பைப் பெரிய ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் பைனரிக்குள் எந்தத் தலைமுறைக் கோட் இருக்கிறது என்று சொல்லும். என் பைனரியில் "சிபியூ ஆர்ச்: வி7". எஃப்எஃப்எம்பெக்கின் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: எல்லாம் வி6. அப்படியானால் வி7 எங்கிருந்து வந்தது?

சிஆர்டி1 என்ற சின்ன ஆப்ஜெக்ட் கோப்பு. நாம் எழுதும் எந்த நிரலிலும் மெயினுக்கு முன்னால் ஓடுகிற தொடக்கக் கோட் அதில்தான் இருக்கிறது. லிங்கர் அதைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். நான் சிஸ்ரூட்டைக் காட்டியிருந்தும், கம்பைலர் தன் சொந்த ஃபோல்டரில் இருந்ததை முதலில் எடுத்திருக்கிறது. அது வி7-க்காக முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்தது. ஜிசிசியின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசியும் அப்படித்தான். நான் கொடுக்கும் ஆப்ஷன்கள் நான் கம்பைல் செய்கிற கோடை மட்டும் மாற்றும், ஏற்கெனவே கம்பைல் ஆகி உட்கார்ந்திருப்பதை எப்படி மாற்றும்? அந்தக் கம்பைலர் மேல் குற்றமில்லை, அது வி7-க்கென்றே செய்யப்பட்டது. இது புரிந்த ராத்திரி எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. சரியாவதற்கு முன்னாலேயே!

க்ராஸ்டூல்-என்ஜியை எடுத்து, ஆர்ம்வி6, விஎஃப்பி, ஹார்ட் ஃப்ளோட் என்று அமைத்து கம்பைலரும் லிங்கரும் அடங்கிய டூல்செயின் ஒன்றை எனக்கென்று கட்டினேன். எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். போர்டில் இருப்பது 2.36. அதைவிடப் புதியதோடு லிங்க் செய்தால், அந்தப் பதிப்பு கிடைக்கவில்லை என்று போர்டில் லோடர் மறுத்துவிடும்.

புது டூல்செயினுக்கு டெபியனின் மல்டிஆர்ச் ஃபோல்டர் அமைப்பு தெரியாது. சிஆர்டி1 கிடைக்கவில்லை என்றது. அந்த ஃபோல்டரைப் பெரிய பி ஆப்ஷனில் காட்டினேன், ஹெடர்களின் இடத்தையும் தனியாகச் சொன்னேன். பிறகு ஃப்ரீடைப்புக்குத் தேவையான ப்ராட்லி லைப்ரரி கிடைக்கவில்லை என்றது. ஒரு லைப்ரரி தேடுகிற இன்னொரு லைப்ரரி எங்கே என்று லிங்கருக்குச் சொல்ல ஆர்பாத்-லிங்க் இருக்கிறது. அதையும் கொடுத்தேன். சிஸ்ரூட்டிலிருந்து வந்த சிஆர்டி1-ஐ ரீட்எல்ஃப்பில் பார்த்தேன்: வி6.

இந்த முறை போர்டுக்கு அனுப்பவில்லை. க்யூஎமு-ஆர்மை 1176 சிபியூவாக நடிக்கச் சொல்லி, சிஸ்ரூட்டைக் காட்டி, லேப்டாப்பிலேயே ஓட்டினேன். முதலில் பழைய பைனரியை ஓட்டினேன்: போர்டில் செத்த மாதிரியே இங்கேயும் செத்தது. புதியதை ஓட்டினேன். பதிப்பு எண் அச்சானது, 6.1. இதை முதல் நாளே செய்திருந்தால் எஸ்டி கார்டை இத்தனை தடவை கழற்றி மாட்டியிருக்க வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கிய ஃபாப்ரிஸ் பெல்லார்ட்தான் க்யூஎமுவையும் எழுதியவர். அந்த ராத்திரி அவர் எழுதிய ஒன்றுக்குள் இன்னொன்று ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இரண்டு போர்டிலும் மாற்றினேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, போர்டின் வீடியோ சிப்பிலேயே படத்தை ஹெச்264 வீடியோவாகச் சுருக்கும் வி4எல்2 என்கோடர், நொடிக்கு 5 ஃபிரேம். தொட்டி மேட்டில் நின்று போனில் பார்த்தேன். மேல் மூலையில் "தெற்குத் தொட்டி", கொம்பு "த"வுக்கு முன்னால்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பாவிடமிருந்து போன். "தெற்குத் தொட்டி நெறஞ்சிருச்சு கண்ணு, மோட்டாரை நிறுத்திட்டேன்." எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.