ஒரு இன்ச்சுக்கு ஒரு மில்லி

கீழ் வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, துணி காயப்போடும் கழியை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் நான் ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுப்பேன். சிங்கப்பூர், ஈசூனில் ஒன்பதாவது மாடி, நான்கறை வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில், சலவை இயந்திரத்தின் தலைமேல் மடக்கி விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் கூண்டு. கூண்டுக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் விசிறி, விசிறியிலிருந்து ஜன்னலுக்கு ஒரு குழாய். அவ்வளவுதான் என் பெயின்ட் பட்டறை. அடுப்பை அணைத்தாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு நிற்பேன். மின்தூக்கியில் பார்த்தால் மக்சிக் "சாட் லாகி?" என்று சிரிப்பார். மறுபடியும் பெயின்டா என்று அர்த்தம். ஆமாம் என்றால் அன்றைக்குக் கழி சீக்கிரமே உள்ளே போய்விடும். தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு ஒரு டப்பா கூடுதலாகப் போவது இதற்காகத்தான்.

நான்கு மாதமாக அந்தக் கூண்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது ஒரு 1932 ஃபோர்டு. ஐந்து ஜன்னல் கூப்பே, 1:25 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்காக, நாமே ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட். பழைய காடியை வெட்டி வேகமாக்குகிற ஹாட் ராட் பைத்தியங்களுக்கு அந்த வருட ஃபோர்டு மேல் ஏன் இத்தனை மோகம் என்றால், சாமானியன் வாங்குகிற விலையில் ஹென்றி ஃபோர்டு வி8 எஞ்சின் போட்டுக் கொடுத்த முதல் காடி அது. 221 கன இன்ச், 65 குதிரைத்திறன். இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அது போதையாக இருந்திருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் இளவட்டங்கள் பழைய ஃபோர்டுகளைச் சல்லிசாக வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் யார் காடி வேகம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். 1937-இல் குழுக்கள் எல்லாம் சேர்ந்து அதற்கென்று சங்கமே வைத்துவிட்டார்கள். எடை குறைய வேண்டும், காற்று மறிக்கக் கூடாது. கூரையை அறுத்துத் தாழ்த்தியது அதற்காக. அழகு என்ற பேச்செல்லாம் அப்புறம்தான்.

நம் ஊரில் நிஜக் காடியில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. காடி வாங்குவதற்கு வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழே லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பார்த்த ஊர். கண்ணாடிக்குக் கறுப்புப் படலம் ஒட்டினால்கூட, முன் கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சமாவது போகிறதா என்று கணக்குக் கேட்பார்கள். கூரையை அறுத்துவிட்டுப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் காடி திரும்பி வராது. என்னிடம் காடியே இல்லை என்பது வேறு விஷயம். மின்தூக்கி பராமரிப்பு வேலை. கம்பெனி வேன் உண்டு, மற்றபடி எம்ஆர்டி ரயில்தான். ஆனால் இதுவரை மூன்று கூரை அறுத்திருக்கிறேன்.

1:25 அளவில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். 25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் இன்ச்சில்தான் சொல்வார்கள். கூரையில் மூன்று இன்ச் எடுத்தேன், முன்பக்கம் நான்கு இன்ச் இறக்கினேன் என்று. கால்குலேட்டர் வேண்டாம், இன்ச் என்று எழுதியிருந்தால் மில்லி என்று படித்துக்கொண்டால் போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நிஜக் காடியில் 106 இன்ச். என் மேசையில் 108 மில்லி. அந்த இரண்டு மில்லி வித்தியாசத்தை நான் கண்டுகொள்வதில்லை.

மூன்று இன்ச் எடுப்பது என்று முடிவு செய்தேன். 3 மில்லி அகலத்தில் மாஸ்கிங் டேப் கிடைக்கிறது. அதை ஜன்னல் தூண்களைச் சுற்றி ஒரே மட்டமாக ஒட்டிவிட்டால் டேப்பின் மேல் விளிம்பு ஒரு வெட்டு, கீழ் விளிம்பு ஒரு வெட்டு. அளவுகோலே தேவையில்லை. ஆனால் ரம்பத்துக்கும் ஒரு தடிமன் உண்டு, அங்கேதான் வினை. எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கால் மில்லி தின்றுவிடும். நம் கணக்கில் அது கால் இன்ச். டேப்புக்கு வெளியே ரம்பம் ஓடினால் மேலே ஒரு கால், கீழே ஒரு கால், மூன்று இன்ச் கூரை மூன்றரை ஆகிவிடும். அதனால் டேப்பின் மீதே, விளிம்புக்கு உள்பக்கமாக அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் கூரையில் எனக்கு இது தெரியாது. ஒரு பக்கம் தாழ்ந்துபோய், பக்கவாதம் வந்த முகம்போல இருந்தது. தூக்கிப்போட மனமில்லாமல் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, வீட்டுப் பதுங்கறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

சரியாக அறுத்தாலும் கூரை பொருந்தாது. அந்தக் காலத்து ஃபோர்டின் தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. நடுவில் மூன்று மில்லியை எடுத்துவிட்டு மேல் துண்டை இறக்கினால் அதன் கால்கள் கீழ்த் தூண்களுக்கு உள்ளே போய் நிற்கும். மகன் சட்டையை அப்பா போட்ட மாதிரி. முன் தூண்களின் அடியில் பாதி ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்த்தேன். போதவில்லை. கூரையையே குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் ஒரு மில்லித் தகடு வைத்தேன். பச்சை மூடி போட்ட தமியா கம்பெனிப் பசை தண்ணீர்போல இருக்கும். தூரிகை நுனியால் இடுக்கைத் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுகிற பசை என்பதால் இரண்டு வாரம் தொடாமல் வைத்தேன். அவசரப்பட்டுத் தேய்த்தால், எல்லாம் முடிந்து பெயின்டும் அடித்த பிறகு அந்த இடம் உள்வாங்கி, தையல் போட்ட தழும்புபோல ஒரு கோடு தெரியும்.

நிறம், கேண்டி ஆப்பிள் சிவப்பு. கஸ்டம் காடி உலகில் ஜோ பெய்லன் என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற நிறம். நிறம் என்பதைவிடக் கண்கட்டு வித்தை என்று சொல்லலாம். அடியில் தங்கம், அதன் மேல் ஊடுருவித் தெரிகிற சிவப்பு. வெளிச்சம் சிவப்புக்குள் புகுந்து, தங்கத்தில் பட்டுத் திரும்பி வரும். கோப்பிக் கடையில் ரோஸ் சிரப் கிளாஸை வெயிலுக்கு எதிரே பிடித்தால் வருமே, அதுதான். தங்கத்துக்குத் தமியா ஸ்பிரே டிஎஸ்-21, சிவப்புக்கு டிஎஸ்-74.

சாதாரண சிவப்பு இரண்டு பூச்சில் மூடிவிடும். அப்புறம் பத்து பூச்சு போட்டாலும் அதே சிவப்புதான். கேண்டி ஒவ்வொரு பூச்சுக்கும் கருத்துக்கொண்டே போகும். கதவோரத்தில் கை அரை விநாடி தயங்கினால் அங்கே மட்டும் ரத்தம் கட்டியதுபோல் நிற்கும். தொட்டுச் சரிசெய்கிற வேலையே கிடையாது. ஆகவே எண்ண வேண்டும். உடலுக்கு நான்கு என்றால் பானெட்டுக்கும் நான்கு, கிரில் சட்டத்துக்கும் நான்கு. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவதில் இருக்கும்போது என் மனைவி கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்? உலை வைக்கணும்" என்றாள். இதோ, இதோ என்று முடித்தேன். மறுநாள் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் உடல் மாதுளை, பானெட் ஆரஞ்சு. பானெட்டுக்கு ஒன்று குறைந்திருக்கிறது.

ஒன்று அடித்தால் தீர்ந்தது. அன்று வேலை முடிந்து வந்ததும் அடித்தேன். மழை விட்டு அரைமணிதான் ஆகியிருந்தது. சுவரில் மாட்டியிருக்கும் ஈரப்பத மீட்டர் 91 காட்டியது. பார்த்தேன். பார்த்தும் அடித்தேன். அடித்த கையோடு நல்ல பளபளப்பு. முகமூடியைக் கழற்றுவதற்குள் பானெட்டின் நடுவில் ஒரு மூச்சுப் பட்டதுபோல் மங்கல். அப்படியே ஓரத்துக்குப் பரவி, ரோஸ் சிரப் பால் ஊற்றிய பண்டோங் ஆகிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். பெயின்டைக் கரைத்து வைத்திருக்கும் லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றிலிருக்கும் ஈரம் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. இங்கே விடியலுக்கு முன் ஈரப்பதம் 90-க்கு மேல் இருக்கும். மழையில்லாத நாளில் மதியத்துக்கு மேல் 60 வரை இறங்கும். நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். அந்த நேரத்தில் நான் யாரோ ஒரு புளோக்கின் மின்தூக்கி மேல் உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா சின் மிங்கில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் காடிக்குப் பெயின்ட் அடித்தவர். முகமூடி எல்லாம் கிடையாது, வாயைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். என் கிட்களை அவர் பொம்மை என்றுதான் சொல்வார். அன்று உடனே குரல் பதிவு வந்தது. "தண்ணி ஏறிடுச்சு. தேய்ச்சுக் கெடுத்துடாதே. லீவு நாள்ல, ரெண்டு மணிக்கு நான் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அங் மோ கியோவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். மீட்டரைப் பார்த்தார். 64. மெதுவாகக் காய்கிற தின்னரை மட்டும், பெயின்ட் கலக்காமல், காற்றால் தூவுகிற ஏர்பிரஷில் ஊற்றச் சொன்னார். "நனைக்காதே. சாம்பிராணி காட்டுற மாதிரி காட்டு." காட்டினேன். பானெட் லேசாக ஈரமாயிற்று. மேல்தோல் இளகி, உள்ளே மாட்டியிருந்த ஈரம் வெளியே போக வழி கிடைத்தது. மங்கல் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவில் ஐந்து காசு அளவுக்கு வந்து, அதுவும் காணாமல் போயிற்று. அடியிலிருந்து தங்கம் எழுந்து வந்தது. நான் ஏதோ கத்தினேன் போலிருக்கிறது, மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

காய்ந்த பிறகு அப்பா உடலைக் குச்சியோடு எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். நிறத்தைப் பார்க்கவில்லை. கூரையில் ஜன்னல் கம்பிகளின் பிம்பம் விழுவதைப் பார்த்தார். கம்பி நேராக ஓடி, நான் தகடு வைத்த இடத்தில் துளி நெளிந்து, மறுபடி நேரானது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. "இங்க ஒட்டு இருக்கு" என்றார். இருக்கிறது என்றேன். "எவ்வளவு அறுத்தே?" மூன்று இன்ச் என்றேன், வேண்டுமென்றே. தலையை ஆட்டிக்கொண்டார். முப்பது வருஷத்தில் ஒரு கூரையையும் அவர் அறுத்ததில்லை, அறுக்க விட்டதுமில்லை.

பேச்சுவாக்கில் முதல் கூரையைப் பற்றிச் சொன்னேன். எடுத்து வா என்றார். பிஸ்கட் டின்னைத் திறந்து, அந்தக் கோணல் முகத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாழ்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். போகும்போது டின்னையும், என் புட்டி டியூபையும், 400 நம்பர் வாட்டர் பேப்பர் இரண்டு தாளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

நேற்று அக்காவிடமிருந்து போன். வீடெல்லாம் தின்னர் வாடையாம், சாப்பாட்டு மேசையை அப்பா விடமாட்டேன் என்கிறாராம், இன்னொரு டியூப் புட்டி வேண்டுமாம்.