கடைசி வரிசைக்குப் புள்ளி தெரிய வேண்டும்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் கோயில் மண்டபத்தில் தேவார வகுப்புக்கோ ஞாயிறு தமிழ் வகுப்புக்கோ ப்ரொஜெக்டர் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் பணமெல்லாம் ப்ரொஜெக்டருக்குப் போய்விடும். மிச்சத்துக்கு எந்தத் திரை கிடைக்கிறதோ அதை வாங்குவார்கள். வரிசையைத் திருப்புங்கள். முதலில் மண்டபம், பிறகு திரை, கடைசியில்தான் ப்ரொஜெக்டர்.

திரை மாட்டப்போகும் சுவரிலிருந்து கடைசி வரிசை நாற்காலி வரை டேப் பிடித்து அளந்து, வந்த தூரத்தை ஆறால் வகுத்தால் கிடைப்பது திரையின் உயரம். வெறும் வீடியோ பார்க்க எட்டால் வகுத்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆறு. தூரம் 9.6 மீட்டர் என்றால் உயரம் 1.6 மீட்டர். 16:10 வடிவத்தில் அகலம் 2.56 மீட்டர். மூலைக்கு மூலை அளப்பதால் கடையில் இதை ஏறக்குறைய 120 அங்குலத் திரை என்பார்கள். வடிவத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்: அதே 120 அங்குலம் 16:9 ஆனால் உயரம் 1.49 மீட்டர்தான். நமக்கு உயரம்தான் முக்கியம். இங்கே பாட்டுக்குத் தமிழ் எழுத்து, அதன் கீழே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு, அதன் கீழே பொருள் என்று மூன்று மூன்றாக அடுக்குகிறோம். நாலடிப் பாடல் பன்னிரண்டு வரியாகிவிடும்.

எழுத்தின் உயரம் தூரத்தில் இருநூறில் ஒரு பங்காவது வேண்டும். 9.6 மீட்டருக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். 1.6 மீட்டர் உயரத்தில் பன்னிரண்டு வரி அடங்கும், ஆனால் நெருக்கமாகத்தான். மேலே இகரக் குறியும் கீழே உகரச் சுழியும் முட்டிக்கொண்டால் பாடலை இரண்டு ஸ்லைடாகப் பிரியுங்கள். எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். புள்ளியை மறக்காதீர்கள். 1280×800 ப்ரொஜெக்டரில் 2.56 மீட்டர் அகலத்துக்கு ஒரு பிக்சல் 2 மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டர் எழுத்தின் புள்ளிக்கு நாலு பிக்சல்தான் கிடைக்கும். பழைய 800×600 கருவியில் அது இரண்டு, மூன்றாகக் குறையும். அப்போது 'பல்' 'பல' ஆகிவிடும். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு அது சின்னப் பிழை இல்லை.

கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை நம்பிக் கருவியைச் சாய்த்து வைப்பதும் இதே காரணத்தால்தான் தவறு. அது படத்தைச் சுருக்கி வளைத்து, பிக்சல்களைக் கலக்கிவிடுகிறது. முதலில் கரைவது புள்ளிதான். லென்ஸ் திரையின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கட்டும். லென்ஸ் இருக்க வேண்டிய உயரம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். தூர விகிதம் (த்ரோ ரேஷியோ) 1.5 என்று போட்டிருந்தால் அகலம் 2.56 பெருக்கல் 1.5, அதாவது 3.84 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும்.

திரைத் துணி சாதாரண மேட் வெள்ளை, கெயின் (ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு) 1.0, பின்பக்கம் கறுப்பு. கெயின் அதிகமான பளபளப்புத் திரை வேண்டாம். நடுவில் உட்கார்ந்தவருக்குப் பளிச்சென்றும், ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கு மங்கலாகவும் தெரியும். சுவரை ஒட்டி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ கருவி வாங்குவதாக இருந்தால் இழுத்து விடும் திரை உதவாது. கருவி ஏறக்குறைய நேர்கீழிலிருந்து ஒளி வீசுவதால் சின்ன அலைகூட எழுத்தை வளைக்கும். அதற்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலைத் திரைதான் சரி.

வெளிச்சக் கணக்கு இது. லூமன் என்பது கருவி வீசும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. 3500 ஏஎன்எஸ்ஐ லூமனை நம் திரையின் 4.1 சதுர மீட்டரில் பரப்பினால் சுமார் 850 லக்ஸ். படிக்க வசதியாக இருக்க வேண்டுமானால் அறை வெளிச்சம் திரைமேல் 60 லக்ஸைத் தாண்டக் கூடாது. ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, திரையருகே லக்ஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். நாம் தென்கோளத்தில் இருக்கிறோம். டர்பனில் நடுப்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். வடக்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் திரையை மாட்டினால் எத்தனை லூமன் வாங்கினாலும் பகலில் வெளிறித்தான் தெரியும். அங்கே பணத்தைத் தடித்த திரைச்சீலைக்குச் செலவிடுங்கள். திரைக்கு மேலே உள்ள குழல் விளக்குக்குத் தனி சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும் வேலையில் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எல்லாரும் தரையில் உட்காரும் மண்டபமானால் 90 சென்டிமீட்டர் போதும். செங்கல் சுவர்தான் நல்லது. கூரை ரைனோ போர்டு (ஜிப்சம் பலகை) என்றால் அந்தப் பலகையில் திருகு நிற்காது. மேலே உள்ள மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில் திருகுங்கள். இரண்டு கொக்கிக்கும் ரசமட்டம் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தாலும் துணி கோணலாகச் சுருண்டு, கொஞ்ச நாளில் ஓரத்திலிருந்து சுருக்கம் விழும். திரைக்கு எதிரே நிற்கும் விசிறியை வேறு பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் எழுத்து ஆடிக்கொண்டே இருக்கும்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் சாதாரணச் செம்புக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரலாம். ஃபைபர் கேபிள் வாங்குங்கள். அதில் எந்த முனை கம்ப்யூட்டருக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது. பல்பு வகைக் கருவி என்றால் மின்சாரம் சட்டென்று போகும்போது உள்விசிறியும் நின்று, பல்பு சூட்டில் கெடலாம். கருவியின் வாட்டைத் தாங்கும் ஒரு யுபிஎஸ் இருந்தால் அதை முறையாக அணைத்து ஆற விடலாம்.

கடற்கரை ஈரத்தில் நனைந்த துணியைச் சுருட்டினால் பூசணம் பிடிக்கும். ஹோமமும் சாம்பிராணியும் நடக்கும் மண்டபத்தில் அந்த நேரத்துக்குத் திரையைச் சுருட்டி, கருவிக்கு உறை போடுங்கள். புகை ஏறிய திரையை வெதுவெதுப்பான நீரும் சில துளி மென்சோப்பும் தொட்ட மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, காய்ந்த பிறகு சுருட்டுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், பூச்சு போய்விடும். புரட்டாசி முடிந்ததும் ப்ரொஜெக்டரின் ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிடுங்கள்.