அம்மாவின் ஆல்பமும் ஒரு நான்கு நிமிட வீடியோவும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் என்கிற ரப்பர் மரம் போய் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. கிள்ளான், ஜொகூர் என்று பிரிந்து போனவர்கள் எல்லாம் ஆண்டுத் திருவிழாவுக்கு அங்கேதான் வந்து சேர்கிறார்கள். இந்த முறை அன்னதானம் முடிந்ததும் மண்டபச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, பழைய படங்களை வீடியோவாகப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் மூன்று ஆல்பங்கள் இருக்கின்றன. கணினியில் எதையும் நிறுவாமல், உலாவியிலேயே படங்களை ஏற்றி வீடியோ செய்யும் இலவசத் தளம் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் முழுக்க ஸ்கேன் செய்வதிலேயே போனது. பசை அட்டை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைக் கையால் பிய்க்கவே கூடாது. பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, மெதுவாக அறுப்பதுபோல் இழுத்தால் கிழியாமல் வருகிறது. வராத இரண்டை அட்டையோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். பெரும்பாலானவை மூன்றரை அங்குலச் சதுரப் படங்கள். 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்தால் ஒரு பக்கம் 2100 புள்ளி கிடைக்கும். வீடியோவின் உயரம் 1080 புள்ளிதான், அதனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை நெருங்கிப் போனாலும் முகம் கலங்காது. உறவினர்கள் கைப்பேசிச் செயலியில் அனுப்பிய படங்கள் சுருங்கி வந்தன. அவற்றை 'டாக்குமெண்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கினேன். தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையையும் சேர்த்தேன். நம் வீட்டுப் படங்கள் யாரோ ஒருவருடைய சர்வரில் போய் உட்காரப் போகின்றன. அதனால் அட்டையின் எண்ணை முதலிலேயே மறைத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

முதல் வீடியோவில் 62 படங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி, பின்னணிக்குத் தளமே கொடுத்த புல்லாங்குழல் இசை. மொத்தம் மூன்று நிமிடம் ஆறு விநாடி. பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் பெரியம்மா பார்க்கும்போது வாய் திறப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. "நில்லு, நில்லு, அது யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. சதுரப் படத்தை அகலத் திரையில் நிரப்புவதற்காகத் தளம் தானாகவே மேலும் கீழும் வெட்டியிருந்தது. லயத்து வாசலில் வரிசையாக நின்ற பிள்ளைகளின் வெறுங்கால்கள் காணாமல் போயிருந்தன. அந்தக் கால்கள் இல்லாமல் அது எங்கள் தோட்டத்துப் படமே இல்லை. 'நிரப்பு' என்பதை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் கறுப்புப் பின்னணியில் வைத்தேன். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போடும் வசதியும் உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை. கண் அங்கேயும் இங்கேயும் அலைகிறது.

தமிழ் எழுத்தும் தொல்லை கொடுத்தது. 'தோட்டம்' என்று போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நின்றது. எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றியதும் சரியானது. முக்தா மலரும் நன்றாக வந்தது.

அந்தத் தளத்தில் படத்தை அசைய வைக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொத்தானும் இருக்கிறது. தாத்தாவின் படத்தில் அழுத்திப் பார்த்தேன். கண் சிமிட்டினார், தலையைத் திருப்பினார், வரிசைப் பற்கள் தெரியச் சிரித்தார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது அப்பா இல்லம்மா. அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் கிடையாது. சிரிச்சா கையால வாயை மூடிக்குவாரு." உடனே அழித்துவிட்டேன். அந்தக் கையை இயந்திரம் எங்கிருந்து எடுக்கும்? தெரியாததை அது தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்புகிறது. படத்தை ஒருபுறமிருந்து மறுபுறம் மெல்ல நகர்த்தினால் போதும். கென் பேர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆவணப்பட இயக்குநரின் பெயராலேயே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இருப்பதைத் தவிர வேறு எதையும் அது காட்டாது.

இரண்டாவது முயற்சியில் வேலையைத் தலைகீழாகத் தொடங்கினேன். முதலில் குரல், அப்புறம்தான் படம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு அம்மாவையும் பெரியம்மாவையும் மேசையில் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஆல்பத்தைப் புரட்டச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்தேன். 1948-ல் கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு அவசரகாலம் கொண்டுவந்தபோது 12 வயதுக்கு மேல் எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். பாட்டி வாழ்க்கையில் முதல்முதலாகப் படமெடுத்துக்கொண்டது அதற்காகத்தான் என்று பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா மகாத்மா காந்தி கலாசாலைச் சீருடையில் நிற்கும் படமும் இருக்கிறது. மலேசியத் தமிழர் தலைவர் வீ. தி. சம்பந்தன் முன்னின்று கட்டி, 1954-ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த பள்ளி. அதைப் பார்த்ததும் அம்மா பள்ளியின் கதையை விட்டுவிட்டு, கடன் வாங்கிக் காலில் போட்டுக்கொண்ட சப்பாத்தை, அதாவது ஷூவைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசினார்.

அந்த ஒலிப்பதிவை டைம்லைனில் முதலில் போட்டேன். பேச்சு முடியும்வரை படம் நிற்கும். சப்பாத்துக் கதை வரும்போது படம் மெல்லக் காலடிக்கு இறங்கும். படங்கள் 62-லிருந்து 21 ஆகக் குறைந்தன, வீடியோ நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் வந்தது. இசையை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் விழும் மழையை நானே பதிந்து மிகத் தாழ்வாக வைத்தேன். சினிமாப் பாட்டுப் போட்டால் இணையத்தில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினை வரும், நம் மழைக்கு அது இல்லை.

ஒன்றுதான் அடைபடவே இல்லை. மூன்று ஆல்பங்களிலும் வேலை செய்யும் படம் ஒன்றுகூடக் கிடையாது. டவுனிலிருந்து படக்காரர் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும்தான் வருவார். விடிவதற்கு முன் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்றதையும், தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பால் தூக்கி நடந்ததையும் யாரும் எடுக்கவில்லை. பெரியம்மாவோ அதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார். இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் படத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் திரையை இருட்டாகவே விட்டேன். பன்னிரண்டு விநாடி கறுப்பு. "நெத்தியில விளக்கு. முன்னால போறவ விளக்கு மட்டுந்தான் தெரியும். நிரை நிரையா வெட்டிக்கிட்டே போவோம்" என்ற குரல் மட்டும் வருகிறது. நிரை என்றால் ஒருவர் வெட்டும் மரவரிசை. முழு வீடியோவிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நேற்று இரவு இருவருக்கும் போட்டுக் காட்டினேன். இருட்டு வந்தபோது படம் நின்றுவிட்டது என்று அம்மா நினைக்கவில்லை, பேசாமல் பார்த்தார். பெரியம்மா மட்டும் கல்யாணப் படத்தில் நிறுத்தச் சொன்னார். பந்தக்காலுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிற பெண்ணைக் காட்டி, "இவதான் என் நிரைக்குப் பக்கத்து நிரை" என்றார். அந்தப் படத்துக்கு இன்னும் ஐந்து விநாடி கூட்டி, அந்த முகம்வரை நகர்த்த வேண்டும். இன்று இரவு அதைத்தான் செய்யப் போகிறேன்.