ஆண்ட்ராய்டில் ஒரு படத்தை நிமிர்த்தி வைக்க நான் பட்ட பாடு

ஒரு படத்தை 90 டிகிரி திருப்ப எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நேற்று இரவுதான் கடைசிப் பிழை தீர்ந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே குழியில் இன்னொருவர் விழ வேண்டாம்.

ஓர் அச்சகத்துக்காகச் செய்த செயலி இது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று மாதிரிகள் இருக்கும். வாடிக்கையாளர் தன் ஃபோனில் இருக்கும் படத்தை எடுத்து மாதிரியில் உள்ள கட்டத்துக்குள் வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, வேண்டுமானால் கொஞ்சம் சாய்த்து, ‘அனுப்பு’ என்று தட்டினால் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். லாகின், மாதிரிப் பட்டியல், பணம் கட்டும் பக்கம் எல்லாம் பத்து நாளில் முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

செயலி போய்ச் சேர்ந்த நாலாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அச்சக உரிமையாளர் கூப்பிட்டார். “தம்பி, மாப்பிள்ளை படம் படுத்துக் கெடக்கு. இன்னிக்கு வந்த எட்டுல அஞ்சு இப்படித்தான். டிடிபி பாக்குற பொண்ணு ஒவ்வொண்ணா போட்டோஷாப்ல நிமித்திக்கிட்டு இருக்கு.”

என் ஃபோனில் போட்டுப் பார்த்தேன். திரையில் எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. “அந்தப் படத்தை வாட்ஸப்ல அனுப்புங்க அண்ணாச்சி, பாக்குறேன்” என்றேன். அனுப்பினார். அதைச் செயலியில் ஏற்றி அனுப்பிப் பார்த்தால் அந்தப் பக்கமும் நேராகவே போய்ச் சேர்ந்தது. இன்னும் மூன்று படம் கேட்டேன், மூன்றும் நேர். “என் பக்கம் ஒண்ணும் தப்பு இல்ல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது, ஏனென்றால் தப்பு முழுக்க என் பக்கம்தான். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அச்சகத்திலேயே அவருடைய ஃபோனை வாங்கி, வாசலில் நின்ற பையனை நெட்டுவாக்கில் ஒரு படம் எடுத்தேன். செயலியில் நேர். அனுப்பினேன். டிடிபி கணினியில் பையன் படுத்திருந்தான். கேபிள் போட்டு மூலக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நெட்டுவாக்கில் எடுத்த படம், ஆனால் கோப்புக்குள் அகலம் 4000, உயரம் 3000. கூடவே ஓரியன்டேஷன் என்று ஓர் எண்: 6.

தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்திதான். பெரும்பாலான ஃபோன்களில் கேமரா சென்சார் படுக்கைவசமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல ஃபோன்கள் பிக்சல்களைப் படுக்கைவசமாகவே எழுதிவிட்டு, ‘காட்டும்போது வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃப் குறிப்பில் (படத்தோடு கோப்பிலேயே சேர்ந்து வரும் தகவல்) ஓர் எண்ணை மட்டும் வைத்துவிடுகின்றன. 1 என்றால் அப்படியே. 3 என்றால் 180 டிகிரி. 6 என்றால் வலப்பக்கம் 90, 8 என்றால் வலப்பக்கம் 270. மீதியுள்ள 2, 4, 5, 7 நான்கும் கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறியவை. சில ஃபோன்கள் பிக்சல்களையே திருப்பி எழுதிவிட்டு 1 என்று போட்டுவிடும். எட்டில் ஐந்து படுத்து, மூன்று மட்டும் நேராக வந்ததற்குக் காரணம் இதுதான்.

திரையில் ஏன் நேராகத் தெரிந்தது? திரையில் காட்டும் வேலையை க்ளைட் என்ற ஆயத்த லைப்ரரியிடம் விட்டிருந்தேன். அது அந்த 6-ஐப் படித்துத் தானே திருப்பிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் படத்தைச் சுருக்குவது மட்டும் நானே எழுதிய நிரல். அதில் படக் கோப்பைத் திறக்கும் ஆண்ட்ராய்டின் பிட்மேப்ஃபேக்டரி பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும், எக்ஸிஃபைக் கண்டுகொள்ளாது. அதைத் திரும்ப ஜேபெக் ஆக்கினால் புதுக் கோப்பில் அந்த எண்ணும் இருக்காது. ஆக, நிமிர்த்தவும் இல்லை, நிமிர்த்தச் சொல்லும் குறிப்பும் போயே போச்சு. வாட்ஸப்பில் வந்தவை நேராக இருந்ததற்கும் காரணம் உண்டு. படமாக அனுப்பினால் அது சுருக்கி, நிமிர்த்தி, குறிப்புகளை எல்லாம் நீக்கித்தான் அனுப்பும். நோய் தீர்ந்த பிறகு நோயாளியைச் சோதித்துக்கொண்டிருந்தேன் நான். பிழையுள்ள படத்தை யாரிடமாவது கேட்டால் தயவுசெய்து டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு நாளும் ஒரு பஸ் பயணமும் மிஞ்சியிருக்கும்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, திருத்துவது பத்து வரிதானே என்று நினைத்தேன். எக்ஸிஃப்இன்டர்ஃபேஸ் கொண்டு எண்ணைப் படி, மேட்ரிக்ஸில் (படத்தை எப்படித் திருப்புவது, பெரிதாக்குவது, நகர்த்துவது என்று சொல்லும் எண் கட்டம்) போஸ்ட்ரோடேட் 90 கொடு, கிரியேட்பிட்மேப் கொண்டு திருப்பிய படத்தை உருவாக்கு. எழுதி ஓடவிட்டேன். பிட்மேப் (மெமரியில் விரித்து வைத்த படம்) இருக்க வேண்டிய இடத்தில் நல் (null), அதாவது ‘ஒன்றுமே இல்லை’ என்ற மதிப்பு வந்தது.

கேலரியிலிருந்து வரும் படம் ஒரு ஸ்ட்ரீமாக, படிக்கப் படிக்கத் தீர்ந்துபோகும் ஓடை போல வருகிறது. எக்ஸிஃப் படிக்க அதை ஒருமுறை படித்துவிட்டேன். அளவு பார்க்க இன்ஜஸ்ட்டீகோட்பவுண்ட்ஸ் வைத்து இன்னொரு முறை. மூன்றாவதாக உண்மையான படத்தை எடுக்கப் போகும்போது ஸ்ட்ரீம் வறண்டு கிடந்தது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது, வெறும் நல்தான். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்க வேண்டும். இது தெரிய அரை நாள்.

அடுத்தது மெமரி. 4000க்கு 3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒன்றுக்கு 4 பைட் வீதம் சுமார் 48 எம்பி. திருப்பும்போது புதிய பிட்மேப் ஒன்று பிறக்கிறது, அதற்கும் 48. அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் ஆண்ட்ராய்டு 6 போட்ட ஃபோன் இருந்தது, அதில் உடனே க்ராஷ். ஆண்ட்ராய்டு 3 முதல் 7 வரையிலான பதிப்புகளில் பிக்சல்கள் எல்லாம் செயலிக்கென ஒதுக்கிய சிறிய மெமரிப் பகுதியான ஜாவா ஹீப்பிலேயே உட்காரும். இதற்கு மருந்து, முதலில் சுருக்கி அப்புறம் திருப்புவது. படத்தைத் திறக்கும்போதே இன்சாம்பிள்சைஸ் 4 கொடுத்தால் நாலில் ஒன்றாகச் சுருங்கி 1000க்கு 750 ஆக வரும், வெறும் 3 எம்பி. அந்த எண் இரண்டின் அடுக்காக இருக்கட்டும், வேறு எது கொடுத்தாலும் கீழே உள்ள அடுக்குக்கு இறக்கிக்கொள்ளும். இன்னொன்று, அளவு பார்க்கும்போது கிடைக்கும் அகலமும் உயரமும் திருப்புவதற்கு முந்தையவை. 6, 8 வந்தால் (5, 7-க்கும்தான்) அகலத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மெமரிக்குப் பயந்து நான் செய்த காரியம் அடுத்த வினையைக் கொண்டுவந்தது. திருப்பி முடித்ததும் பழைய பிட்மேப்பை ரீசைக்கிள் செய்து மெமரியை விடுவித்துவிட்டேன். நெட்டுவாக்குப் படங்கள் எல்லாம் அருமையாக வந்தன. படுக்கைவசமாக எடுத்த படத்தைத் தொட்டால் மட்டும் செயலி விழுந்தது, ரீசைக்கிள் ஆன பிட்மேப்பைப் பயன்படுத்துகிறாய் என்று. திருப்பவே தேவையில்லாத படம் ஏன் விழ வேண்டும்? தேவையில்லாததால்தான். மேட்ரிக்ஸில் எந்த மாற்றமும் இல்லை, அளவும் அதே என்றால் கிரியேட்பிட்மேப் புதிதாக ஒன்றும் செய்யாது, கொடுத்ததையே திருப்பிக் கொடுத்துவிடும். புதுசு என்று நினைத்ததும் பழசும் ஒன்றே. பழசை அழித்தேன், இரண்டும் போயின. இரண்டும் வேறுதானா என்று பார்த்துவிட்டு ரீசைக்கிள் செய்யுங்கள். அளவு மாற்றும் கிரியேட்ஸ்கேல்டுபிட்மேப்பிலும் இதே கதைதான்.

நடுவில் ஒரு நண்பர், மூலப் படத்தின் எக்ஸிஃபை அப்படியே புதுக் கோப்பில் நகலெடுத்துவிடு, தேதியெல்லாம் பத்திரமாக இருக்கும் என்றார். செய்தேன். பிக்சல்களை நானே திருப்பியாயிற்று, குறிப்பில் 6 வேறு உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை மறுபடி படுத்துவிட்டார், இந்த முறை மறுபக்கமாக. நகலெடுத்தால் ஓரியன்டேஷனை மட்டும் 1 ஆக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 9-இல் வந்த, படத்தைத் திறக்கும் இன்னொரு வசதியான இமேஜ்டீகோடரும் குறிப்பைப் பார்த்துத் தானே திருப்பிக்கொள்ளும். அதையும் பிட்மேப்ஃபேக்டரியையும் ஒரே செயலியில் கலந்தால் எங்கே யார் திருப்புகிறார்கள் என்பதை எழுதியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதோடு முதல் வாரம் முடிந்தது. மீதி இரண்டு வாரத்தையும் விரல்கள் எடுத்துக்கொண்டன.

பெரிதாக்க ஆண்ட்ராய்டிலேயே ஸ்கேல்ஜெஸ்ச்சர்டிடெக்டர் இருக்கிறது. திருப்புவதற்கு அப்படி ஒன்று கிடையாது. ஐஃபோன் பக்கம் யுஐரொட்டேஷன்ஜெஸ்ச்சர்ரெகக்னைசர் என்று தயாராகவே கொடுத்திருக்கிறார்கள், இங்கே கோணத்தை நாமே கணக்கிட வேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு கோடு, அதன் கோணத்துக்கு ஏடேன்2 என்ற கணிதச் சார்பு. அது ரேடியனில் தரும், போஸ்ட்ரோடேட் டிகிரியில் கேட்கும். அதைக் கவனித்துவிட்டேன். எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புவது என்று சொல்லாவிட்டால் மேல் இடது மூலையைச் சுற்றித் திரும்பி படம் திரையை விட்டே ஓடிவிடும். விரல்களின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டேன். திரையில் படத்தைத் தாங்கும் இமேஜ்வியூவின் ஸ்கேல்டைப்பை மேட்ரிக்ஸ் என்று வைக்க மறந்து, அசையாத படத்தை ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்ததும் நடந்தது.

அசல் வில்லங்கம் வேறு. வாடிக்கையாளர்களில் வயதானவர்களும் இருப்பார்கள், படம் நிதானமாகத் திரும்பட்டும் என்று, விரல் திரும்பும் கோணத்தில் பாதிதான் படம் திரும்பும்படி வைத்திருந்தேன். பெரும்பாலும் வெண்ணெய் போல ஓடியது. எப்போதாவது ஒருமுறை படம் சடாரென்று தலைகீழானது. மறுபடி செய்து பார்த்தால் வராது. நாலு நாள் தேடினேன். கடைசியில் ஒவ்வொரு அசைவுக்கும் கோணத்தை லாகில் எழுதவிட்டு, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராக நகர்த்தினேன். 177, 178, 179, அப்புறம் -179. ஏடேன்2 180-ஐத் தாண்டினால் கழித்தல் பக்கம் குதித்துவிடுகிறது. வித்தியாசம் 2 டிகிரிதான், ஆனால் என் கழித்தலில் -358 வருகிறது. அப்படியே திருப்பியிருந்தால் தப்பியிருக்கும், -358 திருப்பினாலும் 2 திருப்பினாலும் படம் நிற்கும் இடம் ஒன்றுதான். நான்தான் பாதியாக்கினேனே! -358-இல் பாதி -179. படம் கவிழ்ந்துவிட்டது. வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360 கழி, -180-க்குக் கீழே போனால் 360 கூட்டு. இந்த இரண்டே வரிதான் தீர்வு. அது ஓடிய நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்து ஒரு புகார் வந்தது. படத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் அது தானே ஊதிப் பெருக்கிறதாம். மிகவும் சிறிதாகிவிடக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தேன், இப்போதைய அளவை மேட்ரிக்ஸின் எம்ஸ்கேல்எக்ஸ் மதிப்பிலிருந்து எடுத்தேன். அந்த மதிப்பு, அளவையும் கோணத்தின் கொசைனையும் பெருக்கி வருவது. 90 டிகிரியில் அது பூஜ்யம். ‘ஐயோ, படம் காணாமல் போகிறது’ என்று என் நிரல் அதைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எம்ஸ்கேல்எக்ஸ், எம்ஸ்க்யூஒய் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் எந்தக் கோணத்திலும் உண்மையான அளவு கிடைக்கும்.

கடைசிப் பிழை அச்சுக்குப் போகும் படத்தில். 5க்கு 7 அங்குலப் பத்திரிகை, அங்குலத்துக்கு 300 புள்ளி, ஆக 1500க்கு 2100 பிக்சல். திரையில் அதே தாள் 750க்கு 1050. திரையில் பிடித்த மேட்ரிக்ஸை இரண்டு மடங்காக்கினால் போதும் என்று ப்ரீஸ்கேல் 2 கொடுத்தேன். படம் இரண்டு மடங்கானது, இடம் மட்டும் மாறவில்லை. மணப்பெண் தாளின் மேல் மூலைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். போதாக்குறைக்குத் திரையில் இருப்பது நாலில் ஒன்றாகச் சுருக்கிய படம், அச்சுக்கு எடுப்பதோ முழுப் படம்.

ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தபோது பளிச்சென்று விளங்கியது. ப்ரீ என்று தொடங்குபவை படத்தின் பக்கம் நடப்பவை, போஸ்ட் என்று தொடங்குபவை தாளின் பக்கம் நடப்பவை. படம் நாலு மடங்கு பெரிதாகிவிட்டது, எனவே ப்ரீஸ்கேல் கால். தாள் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது, எனவே போஸ்ட்ஸ்கேல் 2. எக்ஸிஃப் திருப்பத்தையும் அதே மேட்ரிக்ஸில் படத்தின் பக்கம் சேர்த்துவிட்டால், நடுவில் இன்னொரு 48 எம்பி பிட்மேப்பே வேண்டாம், மூலத்திலிருந்து நேரே கேன்வாஸில் வரைந்துவிடலாம். பெயின்ட்டில் ஃபில்டரை மட்டும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சாய்ந்த புடவைக் கரையெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு திருப்பலுக்கும் படத்தை ஜேபெக்காகச் சேமித்து, அதையே மறுபடி திறந்து திருப்பும் வேலையும் வேண்டாம், ஒவ்வொரு சேமிப்பிலும் தரம் தேயும். மேட்ரிக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறை தொடுங்கள்.

இப்போது 1 முதல் 8 வரை ஒவ்வொரு ஓரியன்டேஷனுக்கும் ஒரு சோதனைப் படம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ‘அ’ என்று பெரிதாக எழுதிய அட்டைதான் இருக்கிறது, இடவலம் மாறினால் உடனே கண்ணில் படும். எட்டும் அச்சகக் கணினியில் நேராக வந்தன.

நேற்று இரவே புதிய பதிப்பை அனுப்பிவிட்டேன். இன்று காலை பதினோரு மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். பயந்துகொண்டே எடுத்தேன். படத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. முகூர்த்த நேரத்தை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட முடியுமா தம்பி என்று கேட்டார்.