ஏற்காட்டில் மட்டம் பிடிப்பது

கடற்கரையில் படம் எடுப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வானமும் கடலும் சேருமிடத்தில் நேர்கோடு ஒன்று தயாராக இருக்கும். கேமரா திரையிலுள்ள கட்டக்கோட்டை அதோடு ஒட்டவைத்தால் மட்டம் வந்துவிடும். சேலத்தில் அந்தக் கோட்டை எங்கே போய்த் தேடுவது? வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மலைச்சரிவுதான் அடிவானம் போல நடிக்கும். அதனால் கொஞ்ச நாளைக்கு வேறு எதையும் தொடாமல், படத்தை மட்டமாக எடுப்பதை மட்டும் பழகிப் பார்ப்பது என்று இறங்கினேன். கேமரா 24 மெகாபிக்சல், லென்ஸ் அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர். பெரிய சரக்கு ஒன்றும் இல்லை.

முதல் வேலையாகப் பழைய படங்களைக் கணினியில் போட்டு, சாய்வு எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் வலது முனைதான் மேலே ஏறியிருந்தது. ஷட்டர் பொத்தான் கேமராவின் வலது மூலையில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் அழுத்தும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் தாழும். கேமரா தாழ்ந்த பக்கத்தில் காட்சி உயர்ந்து பதியும். இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பொத்தானைக் குத்தாமல் மெதுவாக அழுத்தினால் பாதிச் சாய்வு அங்கேயே போய்விடுகிறது. இதற்குக் காசு செலவில்லை என்பதால்தானோ என்னவோ, யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

மீதிப் பாதிக்குக் கேமராவுக்குள்ளேயே எலக்ட்ரானிக் மட்டம் இருக்கிறது. ஆக்சிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு, புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்த்து, கேமரா நேராக நின்றால் திரையில் ஒரு கோட்டைப் பச்சையாக்கும். சரி, அந்தப் பச்சையை எவ்வளவு தூரம் நம்பலாம்? விடை பக்கத்து வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கிடைத்தது. அவர் புது ரசமட்டத்தைச் சுவர் மேல் வைத்துப் பார்த்தார்; அப்புறம் அதைத் தலைமாற்றி அதே இடத்தில் மறுபடி வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"திருப்பி வெச்சாலும் குமிழி அதே பக்கம் நிக்கணும் சார். பக்கம் மாறிடுச்சுன்னா கோளாறு சுவர்ல இல்ல, மட்டத்துலதான்."

கேமராவுக்கும் இதே சோதனை செல்லும். மேசை மேல் ஜன்னலைப் பார்த்து வைத்து, திரை எந்தப் பக்கம் சாய்வு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். சாய்வு மேசையில் இருந்தால், இடப்பக்கம் தாழ்வு என்று காட்டியது இப்போது வலப்பக்கம் தாழ்வு என்று காட்டும். இரண்டு முறையும் ஒரே பக்கம் காட்டினால் கேமராவின் மட்டமே பிசகு. சில மாடல்களில் அதைத் திருத்திக்கொள்ள மெனுவிலேயே வழி இருக்கிறது. என்னுடையது இதில் தேறிவிட்டது.

ஆனால் பச்சை என்றால் எத்தனை துல்லியம் என்பது தனிக் கேள்வி. அதற்கு மேஸ்திரியிடமே தூக்குக்குண்டை இரவல் வாங்கினேன். வாசல் நிலையின் மேல்கட்டையில் கட்டித் தொங்கவிட்டு, குண்டு மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் முங்கும்படி விட்டால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, பச்சை வந்ததும், நூல் படச்சட்டத்தின் நட்டநடுவில் வரும்படி ஒரு படம். நடுவில் வருவது முக்கியம். ஓரத்தில் வந்தால் லென்ஸின் வளைவும் கேமரா அண்ணாந்திருப்பதும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது நூல் மேல் ஓரத்தில் இடமிருந்து 3012-வது பிக்சலிலும் கீழ் ஓரத்தில் 2988-லும் இருந்தது. படத்தின் உயரம் 4000 பிக்சல். அதற்கு 24 பிக்சல் விலகல் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி. அப்புறம் பச்சை மறையும் எல்லைவரை வேண்டுமென்றே சாய்த்துப் பார்த்தேன். இரு பக்கமும் முக்கால் டிகிரிவரை விடாமல் பச்சைதான். ஆக, பச்சையைக் கண்டதும் அழுத்திவிடக் கூடாது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, நடுவில் நிறுத்த வேண்டும்.

இவ்வளவு தயாரிப்போடு ஏற்காடு ஏரிக்குப் போனால், ஏரி வேறு கதை சொல்கிறது. மட்டம் பச்சை, முக்காலி அசையவில்லை, படத்தில் மட்டும் எதிர்க்கரை இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டு போகிறது. தங்கையிடம் காட்டினேன். "அண்ணா, தண்ணி எல்லாம் இடப்பக்கம் வழிஞ்சிடும் போலிருக்கே!" என்றாள்.

படத்தில் தவறில்லை, கரைதான் ஏய்க்கிறது. தண்ணீர் மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் கரை நமக்கு நேர் குறுக்காக ஓடுவதில்லை. இடப்பக்கக் கரை 100 மீட்டரிலும் வலப்பக்கக் கரை 300 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீரிலிருந்து கேமரா 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், இடக்கரை கண்மட்டத்துக்குக் கீழே 1.15 டிகிரியிலும் வலக்கரை 0.4 டிகிரியிலும் தெரியும். கிட்டத்தில் இருப்பது சட்டத்தில் தாழ்ந்தும், தூரத்தில் இருப்பது உயர்ந்தும் விழும். முக்கால் டிகிரி வித்தியாசம் அங்கேயே வந்துவிட்டது. மேட்டில் ஏறி 5 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் அதே வித்தியாசம் 2 டிகிரியைத் தொடும். உயரப் போனால் நல்ல கோணம் என்று மேடு தேடிப் போகிறோமே, கரையின் பொய் வளர்வதும் அங்கேதான்.

இதிலிருந்து கிடைத்த வழி எளிது. கீழே இறங்க வேண்டும். தண்ணீர் ஓரமாகக் குந்தி, கேமராவை இடுப்புக்கும் கீழே பிடித்தால் அதே கரை அரை டிகிரிகூடச் சாயாது. இரண்டாவது வழி, கரையை விட்டுவிட்டுப் பிரதிபலிப்பைப் பார்ப்பது. காற்றில்லாத காலையில் கரையிலுள்ள மரத்தின் உச்சியும், தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் அதன் உச்சியும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக நிற்கும். கரை எப்படி வளைந்து ஓடினாலும் இந்தக் கோடு மாறாது. கட்டக்கோட்டின் செங்குத்துக் கோட்டை சட்டத்தின் நடுப்பக்கமாக உள்ள ஒரு மரத்தோடும் அதன் பிரதிபலிப்போடும் பொருத்தினால் போதும். எனக்கு எலக்ட்ரானிக் மட்டத்தைவிட இதுதான் இப்போது பிடித்திருக்கிறது.

18 மில்லிமீட்டர் அகலத்தில் எடுக்கும்போது இன்னொரு சில்லறைத் தொல்லை. கரையை சட்டத்தின் கீழ் ஓரமாக வைத்தால் நடுவில் தொய்ந்தும், மேல் ஓரமாக வைத்தால் நடுவில் வில் போல உயர்ந்தும் தெரியும். லென்ஸ் திருத்தத்தை மெனுவில் போட்டுவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெடல் போட்டில் போய் எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே எலக்ட்ரானிக் மட்டத்தை அணைத்துவிடுங்கள். ஆக்சிலரோமீட்டருக்குப் புவியீர்ப்பும் ஆட்டமும் வேறு வேறாகத் தெரியாது, இரண்டையும் கூட்டித்தான் சொல்லும். மலைப்பாதையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் இது வேடிக்கையாக இருக்கும். சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுத்த வளைவில் மறுபக்கம் போகும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினாலே அது காட்டும் பொய் 10 டிகிரியைத் தாண்டும். படகில் தொடர்ச்சியாகப் பல படங்களைத் தட்டிவிட்டுப் பிறகு பொறுக்குவதுதான் உருப்படியான வழி.

காப்பித் தோட்டங்களுக்குள் கிடைமட்டக் கோடு என்று எதுவுமே இருக்காது. அங்கே கைகொடுப்பவை நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள். சரிவில் நின்றாலும் அவை சரிவுக்கு நேராக வளராமல் வானத்தைப் பார்த்தே வளர்கின்றன. மிளகுக்கொடி சுற்றிய ஒற்றை மரத்தை நம்ப முடியாது, அது தன்னளவில் சாய்ந்திருக்கலாம். நாலைந்து மரங்களின் போக்கைச் சேர்த்துப் பார்த்தால் செங்குத்து எது என்று புரிந்துவிடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் ஓர மரங்கள் எல்லாம் உள்நோக்கிச் சாயும். அப்போது நடுமரம் மட்டும்தான் கணக்கு.

இதில் நான் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகாத இடம் ஏற்காட்டு மலைவிளிம்பிலுள்ள லேடீஸ் சீட். கீழே சமவெளி, மலைப்பாதையின் வளைவுகள், இருட்டினால் சேலத்து விளக்குகள். தெளிவான நாளில் மேட்டூர் நீர்த்தேக்கம்கூடத் தெரியும். அவ்வளவு தூரத்துத் தண்ணீரில், ஏரிக்கரையில் பார்த்த ஏய்ப்பு பெயருக்குத்தான் இருக்கும். தெரிந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். பல நாள் புகைமூட்டம் அதை விழுங்கிவிடுகிறது. மிச்சமிருப்பது முன்னால் இறங்கும் மலைமுகடு மட்டும். மட்டத்தைத் துல்லியமாகப் பிடித்து எடுத்தாலும், சட்டத்தை அடைத்து நிற்கும் அந்தச் சரிவு மொத்தப் படத்தையும் சாய்ந்தது போலக் காட்டும். பார்ப்பவரிடம் "மட்டம் சரியாகத்தான் இருக்கிறது" என்று வாதாட முடியாது. ஆகவே எனக்கென்று ஒரு முடிவு: படத்தில் தண்ணீரோ கட்டடமோ மனிதரோ இருந்தால் புவியீர்ப்பு சொல்வதே சட்டம். வெறும் முகடும் மேகமும் என்றால் கண்ணுக்கு இதமாக அரை டிகிரி, ஒரு டிகிரி திருப்பிக்கொள்வதில் பாவமில்லை.

கணினியில் திருப்பிக்கொண்டால் போகிறது, இதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். திருப்பினால் மூலைகள் காலியாகும். அதை வெட்ட வேண்டும். 3:2 வடிவம் மாறாமல் வெட்டினால் 1 டிகிரிக்குப் படத்தின் பரப்பில் 5 சதவீதமும், 2 டிகிரிக்கு 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 3 டிகிரிக்கு 14 சதவீதமும் போய்விடும். பிக்சல் போவது எனக்குப் பெரிதில்லை. ஓரத்தில் ஒட்டி நின்ற படகின் மூக்கோ ஒரு கிளையின் நுனியோ போவதுதான் வலிக்கும். கையால் எடுக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு எடுப்பது இப்போது பழகிவிட்டது. பென்டாக்ஸ் கேமராக்கள் சிலவற்றில் சிறு சாய்வுக்குச் சென்சாரே திரும்பிச் சரிசெய்துகொள்ளும். அதற்காகக் கேமரா மாற்றும் யோசனை எனக்கில்லை.

கேமராவைத் திருப்பித் திருப்பிப் பல படம் எடுத்து ஒட்டும் அகலப் பரப்புப் படங்களுக்கு மட்டும் முக்காலி தேவைப்படுகிறது. அதில் கேமராவை மட்டமாக்குவதற்கு முன் கால்களை மட்டமாக்க வேண்டும். கால்கள் சாய்ந்திருந்தால், முதல் படம் மட்டமாக இருந்தாலும் திருப்பத் திருப்ப அடிவானம் ஏறியோ இறங்கியோ போகும். பகோடா பாயின்ட் மாதிரிப் பாறைகளில் ஒரு காலை நீட்டி ஒரு காலைச் சுருக்கி இதைச் செய்து முடிப்பதற்குள் மூடுபனி வந்து மூடிவிடுகிறது, அது வேறு விஷயம்.

செங்குத்தாகப் பிடித்து எடுக்கும் படங்கள் இன்னும் பிடிபடவில்லை. அப்போது வலது கை மேலே போய்விடுவதால் சாய்வு ஒரே பக்கமாக வராமல் மாறி மாறி வருகிறது. மட்டக்கோடும் திரையின் ஓரத்தில் ஒடுங்கி, வெயிலில் கண்ணுக்கே தெரிவதில்லை. முக்காலியில் கேமராவை நிறுத்திப் பிடிக்க எல் வடிவப் பட்டி ஒன்று வாங்கலாம் என்று விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை செங்குத்துப் படமென்றால் நடுவில் ஒரு சில்வர் ஓக்கை வைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.